நாலு குடம்

கிளைட் ஆர்ன்சன் எந்தத் தம்ளரையும்
முகராமல் வாயில் வைத்ததில்லை.
மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி
ஒரு மூச்சு.
பிறகுதான் தொண்டைக்குழி அசையும்.
என் தங்கை கல்யாணத்தில் பானகத்துக்கும் அப்படியே.
மாப்பிள்ளை வீட்டார் முகம் சுருங்கியது:
தொரைக்கு நம்ம கை ஆகாதோ?
நானும் அதையேதான் நினைத்திருந்தேன்.

கோடைக்கானலில் எங்கள் பள்ளிக்கூடத்து பைப்புக்கெல்லாம்
அவர் பொறுப்பு. நான் எடுபிடி.
ஸ்பானர் நீட்டுவது, மரைக்குச் சணல் சுற்றுவது,
அட்டைக்குப் புகையிலைத் தண்ணீர் தடவிய காலோடு
ஷோலைக்குள் ஊற்றுக்கண் வரை
அவர் பின்னால் ஏறுவது.

ஐம்பத்தெட்டு, சித்திரை. ஊரெல்லாம் வறட்சி.
டிப்போவில் நாலு ரூபாய்க்கு எடுத்த மண்ணெண்ணெய் டிரம்மில்
தண்ணீர் பிடித்து வைத்திருந்தேன்,
நாயுடுபுரத்தில், என் வாசலில்.
மேலே மயில்கழுத்து நிறத்தில் ஒரு படலம்.
பையன் அதில் விரலால் ரயில் வரைந்துகொண்டிருந்தான்.
ஸ்டோர் சாவி வாங்க வந்தவர்
குனிந்தார். முகர்ந்தார்.
ஒரே உதை.
டிரம் சரிவில் உருண்டு
பேரிமரத்தில் முட்டி நிற்கும்வரை
தெருவே பார்த்தது.

நாலு குடம். ஒன்றரை மைல். என் மனைவியின் இடுப்பு.
ஜெபமாலை திட்டியதை நான்
மொழிபெயர்க்கவில்லை.
அவருக்குப் புரிந்தது.

மறுநாள் ஊற்றடியில் உட்கார்ந்து சொன்னார்.
அவர் தமிழில் இறந்தகாலம் கிடையாது,
எல்லாம் இப்போதுதான் நடக்கும்.

"பெலெலியு. தீவு. சின்னது. வெள்ளைக் கல், வெயில்.
சண்டை நடக்குது. தண்ணி வருது.
டிரம்மில் வருது. டிரம்மில் முன்னே எண்ணெய் இருக்குது.
கழுவ ஆள் இல்லை, நேரம் இல்லை.
நாங்க குடிக்கிறோம். வாந்தி எடுக்கிறோம். திரும்பக் குடிக்கிறோம்.
ஹாலிஸ் மட்டும் மாட்டேங்கிறான்.
குகைப் பக்கம் நல்ல தண்ணி தேடிப் போறான்."

மேலே ஏதோ குருவி கத்தியது.

"கப்பல் ஏற முன்னே, வேற தீவில்,
அந்த டிரம்முக்கு மூடி திருகுறது யாரு?
நான்."

பிறகு ஜாயிண்டை இறுக்கச் சொன்னார்.
இறுக்கினேன். ஒரு சுற்று அதிகமாகவே.

அன்று சாயங்காலம்
வாசலில் புது டிரம், உள்ளே சுண்ணாம்பு மணம்.
நாலு குடத்தையும் அவரே தூக்கி வந்தார்,
தோளில் ஒன்றாக, நாலு நடை.
சட்டை முழுக்க நனைந்திருந்தது.
ஜெபமாலை முதல் குடத்தை வாங்கி
அவர் கண்ணெதிரிலேயே
முகர்ந்து பார்த்துவிட்டு ஊற்றினாள்.
அவர் சிரித்தார். பதினோரு வருஷம் கூட வேலை செய்தேன்,
அவர் பல்லை அன்றுதான் பார்த்தேன்.

எழுபத்தொன்றில் ஊருக்குப் போனார்.
நெப்ராஸ்காவிலிருந்து ஒரே ஒரு கடிதம்.
ஆபீஸ் கிளார்க் படித்துச் சொன்னார்.
தீவு இல்லை, ஹாலிஸ் இல்லை,
உடம்பு எப்படி என்றுகூட இல்லை.
இங்கே குழாயில் குளோரின் நெடி.
மேல் ஊற்று லைனில் மூன்றாவது வளைவு
இந்நேரம் கசியும், பார்.

போய்ப் பார்த்தேன்.
கசிந்துகொண்டிருந்தது.