தொண்ணூற்று ஒன்பது புள்ளி ஒன்பது ஒன்பது

காரைக்குடி, கழனிவாசல் சாலை.
கீழே எவர்சில்வர் கடை,
மேலே நாங்கள் நான்கு பேர்.
கீழே ஓர் அண்டா உருண்டால்
மேலே நான்கு திரையும் நடுங்கும்.

விடிந்தால் பல்லவன்.
நந்தம்பாக்கத்தில் மூன்று நாள் கண்காட்சி.
எங்கள் ஸ்டால் சி-117,
ஆறடிக்கு ஆறடி, கழிப்பறைக்குப் பக்கம்.
"கூட்டம் வந்தே தீரும்" என்கிறான் அபுதாகிர்.
அந்த இடத்தைக் கேட்டு வாங்கியவன் அவன்தான்.

வாடகையோடு நாற்காலி இரண்டு.
மூன்றாவது வேண்டுமென்றால்
நாளொன்றுக்கு நானூற்றைம்பது, ஜிஎஸ்டி தனி.
முறை வைத்து உட்காருவதாக முடிவு.

செயலியின் பெயர் பங்காளி.
பேனரில் பாங்காளி என்று அடித்து வந்தார்கள்.
வேண்டாத அந்தத் துணைக்காலின் மேல்
க்யூஆர் கோடு ஸ்டிக்கரை ஒட்டினாள் ஜெசிந்தா.
இப்போது அது பிழை இல்லை, வடிவமைப்பு.

வயிரவன் மின்விசிறியைப் பார்த்து
இங்கிலீஷில் ஒத்திகை பார்க்கிறான்.
தொண்ணூறு நொடிக்குள் முடிக்க வேண்டும்.
விசிறி இதுவரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஒரு வீடு, பல பங்கு.
கரண்ட் பில் இந்த முறை யார் கட்டியது,
ரெண்டாங்கட்டுச் சாவி யாரிடம்,
ஓடு மாற்ற ஈப்போக்காரருக்குச் சம்மதமா,
பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும் தம்பியும்
பேசாமலே பதில் சொல்ல
ஒரு பச்சைப் பொத்தான், ஒரு சிவப்பு.
சிவப்பைத்தான் அதிகம் அமுக்குகிறார்கள்.
அதனால் அதைக் கொஞ்சம் சிறிதாக்கினோம்.

இரவு பதினொன்றே கால்.
செய்து காட்ட வைத்திருந்த வீடு
பள்ளத்தூரில், நாற்பதாயிரம் சதுர அடி,
நாற்பத்து மூன்று பங்காளிகள்.
மொத்தம் தட்டினாள் ஜெசிந்தா.

தொண்ணூற்று ஒன்பது புள்ளி ஒன்பது ஒன்பது.

மறுபடி தட்டினாள்.
அதேதான்.

"நூறுன்னு ரவுண்டு பண்ணிடு, யாரு பாக்கப் போறா?"
வயிரவன் வாயில் பரோட்டா.
"நீ இந்த ஊர்க்காரன்தானே?
ஐந்தொகை நேராகாம
இங்க எவனாவது தூங்கியிருக்கானா?"

புள்ளி பூஜ்யம் ஒன்று சதவீதம்.
கணக்குப் போட்டேன்: நான்கு சதுர அடி.
இரண்டடிக்கு இரண்டடி.
பத்திரத்தில் இல்லை, பட்டாவில் இல்லை,
நாற்பத்து மூன்று பேரில்
ஒருவர் கணக்கிலும் இல்லை.

"நம்ம பேருக்கு எழுதிக்குவோமா?" என்றான் அபுதாகிர்.

எங்கள் நால்வரில் யார் பெயரிலும்
ஒரு செங்கல் கிடையாது.
எனக்குச் செக்காலையில் ஒற்றை அறை,
தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்.
ஜெசிந்தாவின் வளையல் இரண்டும்
ஸ்டால் வாடகையாக மாறி
அடகுக் கடையில் கிடக்கின்றன.
சிரித்தோம். பிறகு நிஜமாகவே பேசினோம்,
அந்த நாலடியில் எதை வைப்பதென்று.
ரவுட்டர் என்றான் ஒருவன்.
செருப்பு என்றான் இன்னொருவன்.
ஒரு நாற்காலி போடலாம் என்றாள் ஜெசிந்தா,
கால் நீட்ட முடியாது, ஆனால் போடலாம்.

ரயிலில்தான் பிடிபட்டது,
புதுக்கோட்டை தாண்டி,
லேப்டாப்பின் சூடு தொடையில் ஏறியபோது.
தவறு கூட்டலில் இல்லை.
அவசரப்பட்டு வகுத்திருக்கிறோம்.
மூன்றில் ஒன்று, அதில் ஏழில் ஒன்று,
அதிலும் பாதி.
ஒவ்வொரு சாவுக்கும் ஒரு முறை
தசமமாக்கி வாலை நறுக்கியிருக்கிறோம்.

வகுக்காதே.
மேலே ஒன்று, கீழே நாற்பத்திரண்டு,
அப்படியே வை.
பின்னம் என்றால் உடைந்தது என்றும் பொருள்.
இருக்கட்டும்.
உடைந்ததை உடைந்தபடியே கூட்டினால்
முழுசாக வருகிறது.

கீரனூர்ப் பக்கம் சிக்னல் செத்தது.
திருச்சியில் இரண்டு கோடு வந்தது.
ஏற்றினேன்.
மொத்தம்: ஒன்று.
வயிரவன் கைதட்டிய வேகத்தில்
எதிர் இருக்கைக் குழந்தை விழித்து அலறியது.
அதன் அப்பாவுக்கு விளம்பரத் தாள் ஒன்றைக் கொடுத்து
மன்னிப்புக் கேட்டான் அபுதாகிர்.

ஜெசிந்தா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"போச்சா நம்ம நாலடி?"

நான் கண்காட்சிக்காரர்களின் எண்ணைத் தேடி
மூன்றாவது நாற்காலிக்குப்
பணம் அனுப்பினேன்,
ஒரு நாளைக்கு மட்டும்.