பேனியர், இடது, ஒன்று

ஜே.சி. ரோடு கடையில் சேர்ந்த முதல் வாரம்
சரக்குப் பட்டியலில் அந்தச் சொல் வந்தது.
பேனியர். இரண்டு. அலுமினியம். கறுப்பு.
காதில் விழுந்தபடி பன்னீர் என்று எழுதிவைத்தேன்.
கேவல்சந்த் சேட் பார்த்துவிட்டு
இங்கே கல்யாணமா நடக்குது என்றார்.

முனிரத்னம் அதை சைடு பாக்ஸ் என்பான்.
லடாக் போகிற பையன்கள்
முதலெழுத்தை அழுத்தி, கடைசியை விழுங்குவார்கள்,
சொல்லுக்கே ஹெல்மெட் மாட்டியதுபோல.

ஆள் வராத ஒரு மதியம்
கடைக் கம்ப்யூட்டரில் தேடினேன்.
பிரெஞ்சுக்காரன் கூடை.
கழுதையின் இரண்டு விலாவிலும் தொங்குவது.
அப்புறம், ஏதோ ஒரு காலத்துச் சீமாட்டிகள்
பாவாடைக்குள் இடுப்புக்கு இருபுறமும்
கட்டிக்கொண்ட கூண்டுக்கும் அதே பேர்.
வாசலில் பக்கவாட்டில்தான் நுழைவார்களாம்.
காலை எட்டரை மெஜஸ்டிக் பஸ்ஸில்
அப்படி ஒருத்தி ஏறுவதை நினைத்து
தனியாகச் சிரித்தேன்.

இன்னும் கீழே, பொடி எழுத்தில், வேர்:
ரொட்டி.
ரொட்டி வைக்கிற கூடை. முதலில் அவ்வளவுதான்.
எங்கள் கடையிலிருந்து போன எதிலும்
ரொட்டி போனதாகத் தெரியவில்லை.
ரெயின்கோட்டு, ஸ்பேனர், கூடாரம்,
ஒருமுறை ஒரு நாய்க்குட்டி.

மழை விடாத ஒரு வியாழக்கிழமை
டேனரி ரோடு பேக்கரி இல்யாஸ் வந்தார்.
பழைய டி.வி.எஸ்., கேரியரில் பிளாஸ்டிக் கிரேட்டு,
அதன்மேல் ஊறிப்போன தார்ப்பாய்.
"ஒரு டப்பா வேணும்மா. மூடி இருக்கணும்.
பன்னு நனைஞ்சா டீக்கடைக்காரன் திருப்பிடறான்."
ஜோடியாகத்தான் தருவோம் என்றார் சேட்,
ஒன்று மட்டும் மாட்டினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.
"இழுக்காது சேட்.
இந்தப் பக்கம் என் பீவி காலைத் தொங்கப்போட்டு உக்காருவா."

சேட் மின்விசிறியைப் பார்த்தார்.
பாதி விலை, மேலே இருநூறு.

சைலன்சருக்கு மேலே முனிரத்னம் போல்ட்டை முடுக்கினான்.
நான் பில் எழுதினேன்: பேனியர், வலது, ஒன்று.
வேரைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.
அவர் டப்பாவுக்குள் குனிந்து
பழைய செய்தித்தாள் விரித்துக்கொண்டிருந்தார்,
மூலைவரைக்கும், உள்ளங்கையால் நீவி நீவி.
சொல்லவில்லை.

இடது இன்னும் கோடவுனில் கிடக்கிறது.
ஸ்டாக் எடுக்கும்போதெல்லாம் சேட் என்னை முறைப்பார்,
நானென்னவோ விற்றதுபோல.
அதில் பழைய பில் புக்கும் என் குடையும் இருக்கின்றன.
மூடினால் நன்றாகத்தான் மூடுகிறது.