நமுக்கும் முன்

செக்காலை ரோட்டில் செல்போன் கடைக்கு மேல் மாடியில்
பத்தே பத்து ஸ்டூல்.
மேசை கிடையாது, இலை கிடையாது,
ஒரே ஒரு நீளப் பலகை, முழங்கை மாதிரி வளைந்து.
ஆள் எண்ணுவது என் தொழில்;
நுழைந்ததும் எண்ணிவிட்டேன்.
ஏழு பேர். மூன்று காலி.
எனக்கு முதல் பந்தியிலேயே இடம்.

முகூர்த்தமில்லாத ஆடி மாசம்.
பந்தி பரிமாறுகிறவனுக்கு ஆடியில் என்ன வேலை?
வைகாசியில், பள்ளத்தூர் கல்யாணத்தில்,
மாப்பிள்ளையின் சேக்காளி ஒருத்தன் சட்டையில்
சாம்பாரைச் சிந்திவிட்டேன்.
திட்டாமல் ஒரு சீட்டைக் கொடுத்தான்.
"எங்க கடைதாண்ணே. ஒரு நாள் வந்து உக்காருங்க."
சாப்பிடுங்க என்று எல்லாரும் சொல்வார்கள்.
இவன் உட்காரச் சொன்னான்.
அதற்காகத்தான் வந்தேன்.

குச்சி கொடுப்பார்களாம் என்று பயந்து
வீட்டில் இரண்டு ஊதுபத்தியை வைத்து
வேர்க்கடலை எடுத்துப் பழகியிருந்தேன்.
இங்கே குச்சியே இல்லை.
சுருட்டிய ஈரத்துண்டு ஒன்று, சூடாக.
கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பலகைக்கு அந்தப் பக்கம் பிலோமி.
பெயர் சட்டையில் இருந்தது,
தேவகோட்டை பேச்சில் இருந்தது.
இடது உள்ளங்கையில் ஒரு கறுப்புத் தாள்;
கடல்பாசி என்றாள்.
எனக்குத் தெரிந்த பாசி
ஊருணிப் படியில் ஆளை வழுக்கிவிடுவது.
அதன்மேல் வெதுவெதுப்பாக ஒரு விரலளவு சோறு,
காடி வாசம்,
தொண்டியிலிருந்து காலையில் வந்த சூரை,
பச்சையாக, மாதுளை நிறத்தில்.
ஒரே சுருட்டு.
தட்டில் வைக்கவில்லை. நீட்டினாள்,
அவள் கையிலிருந்து என் கைக்கு.

பக்கத்துப் பையனுக்கும் வரட்டும் என்று
பிடித்துக்கொண்டே இருந்தேன்.

"அண்ணே, யாருக்கும் காத்திருக்காதீங்க.
நமுத்துரும்."

நமுத்துரும்.
இருபத்திரண்டு வருஷமாக அப்பளக்கூடை தூக்குகிறேன்.
மழைநாளில் எத்தனையாவது இலையில்
அப்பளம் தொய்யும் என்று கேளுங்கள், சொல்வேன்.
நான் தின்றதெல்லாம் நாலாம் பந்திக்குப் பிறகு
அண்டாவுக்குப் பக்கத்தில்,
நின்றுகொண்டு,
நமுத்தது.

கடித்தேன்.
அந்தச் சத்தம் என் காதுக்கே புதுசு.
கவிச்சி எங்கே என்று தேடினேன், இல்லை.
அதற்குள் ஏதோ பச்சைக் களிம்பு
நாக்கைச் சட்டை செய்யாமல் மூக்கில் ஏறிவிட்டது.
நம்ம மிளகு வாசலில் நின்று சண்டை போடும்;
இது ஓட்டைப் பிரித்துக்கொண்டு இறங்குகிறது.
கண்ணில் தண்ணீர்.
"பத்து எண்ணுங்க, போயிரும்" என்றாள்.
எட்டிலேயே போய்விட்டது.

அடுத்தது இறால்.
நாங்கள் இலையைப் பார்த்துப் பரிமாறுவோம்.
முகத்தைப் பார்த்தால் கரண்டி நின்றுவிடும்,
பின்னால் ரசம் வந்து முட்டும்.
அவளோ என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
விழுங்கிய பிறகுதான் அடுத்த தாளை எடுத்தாள்.
கூச்சமாக இருந்தது.
"நீங்க இருங்கம்மா, நான் எடுத்துக்கிறேன்" என்று
இரண்டு தடவை எழப்போனேன்,
கால் பழக்கம்.

பக்கத்துப் பையன் அவனுடையதை
மூன்று கோணத்தில் படம் பிடித்தான்.
நாலாவதில் அது தலை தொங்கியது.
"போச்சு தம்பி" என்றேன்.
எனக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

வெள்ளரிக்காய். பிறகு மறுபடி சூரை, கேட்டு வாங்கினேன்.
கேட்டு வாங்கினேன் என்பதை
இங்கே தனியாக எழுதிவைக்கிறேன்.

வயிறு நிறைந்துவிட்டது.
போதும் என்று எப்படிச் சொல்வது?
வாய்விட்டுப் போதும் என்கிறவர்களைப்
பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்திருக்கிறது.
கையைக் குறுக்கே நீட்டுகிறவர்களையும்.
மடிப்பதற்கு இலை இல்லை.

ஈரத்துண்டு ஆறிக் கிடந்தது.
அதைப் பலகையில் விரித்து
மேல் பாதியைக் கீழே கொண்டுவந்து
என் பக்கமாக மடித்து வைத்தேன்.

பிலோமி
எடுத்த தாளைத் திரும்ப டப்பாவில் போட்டு
மூடினாள்.