பின்கண்ணாடிக் குடும்பம்

மிசௌரி. மாட்டுச்சந்தைக் கொட்டகை.
ஞாயிறு காலை ஆறரை.
நசுங்கிய ஃபோர்டிலிருந்து கழற்றிய பின்கண்ணாடியை
மேசைமேல் சாய்த்துவைக்கிறேன்.
காகிதத்தில் காட்டினால் யாரும் வாங்குவதில்லை.
கண்ணாடியில் ஒட்டினால்தான்
அவரவர் வண்டி அவரவர்க்குத் தெரிகிறது.

அப்பா ஒரு டாலர். அம்மா ஒரு டாலர்.
கைக்குழந்தை ஐம்பது சென்ட்.
நாய் இரண்டு டாலர், ஆனாலும்
பத்து மணிக்குள் நாய்தான் தீரும்.
அப்பாக்கள் மிஞ்சுவார்கள்.

ராத்திரி முழுக்க எழுத்துகளின் வயிற்றிலிருந்து
ஊசியால் வினைல் துணுக்கு எடுத்த விரல்,
சில்லறை எண்ணக் கூசுகிறது.

மதியம் டெல்மர் வந்தார்.
போன வசந்தத்தில்
ஐந்து பேரும் ஒரு பூனையும் வாங்கிப்போனவர்.
"ஒருத்தியை மட்டும் எடுக்கணும்"
விலை கேட்கிற குரலில் சொன்னார்.

ஹேர் டிரையரால் சூடாக்குங்கள்,
ஓரம் பிடித்து மெல்ல இழுங்கள்,
கத்தி வேண்டாம் என்றேன்.
இதற்குக் காசில்லை.

எடுத்த பிறகும்
கண்ணாடியில் மூச்சுபோல ஈரம் படிகிற காலைகளில்
அவள் பாவாடையின் முக்கோணம் அதே இடத்தில் தெரியும்.
அதை நான் சொல்லவில்லை.

போகிறபோது திரும்பி,
நாய் இருக்கிறதா என்றார்.
தீர்ந்துவிட்டது.
அடுத்த ஞாயிறுக்கு ஒன்று எடுத்துவைக்கச் சொன்னார்.

காது தொங்கியதா, நிமிர்ந்ததா,
கேட்க மறந்துவிட்டேன்.