கஞ்சிக்கோட்டில் கசிவு

மேற்கு மலைக்கு
இந்த இடத்தில்தான் மூடி சரியாகப் பொருந்தவில்லை.
ஆடிக் காற்று அந்த வழியாய் நுழைந்து
பனைகளை ஒரே பக்கமாய்ச் சீவிவிட்டுக்
கோயமுத்தூருக்குப் போகிறது.

எங்களுக்கு நேர்மாறான உத்தியோகம்:
காற்றை வெளியே அனுப்புவது.

மூன்று நாளாய் பம்ப் ஓடுகிறது.
முள் மைனஸ் மூன்றிலேயே நிற்கிறது.
மைனஸ் ஐந்துக்கு இறங்கினால்தான்
தங்கத்தை ஆவியாக்க முடியும்.
வாளையாறு செக்போஸ்டில் மாட்டிய சிமென்ட் லாரிகூட
இதற்குள் தமிழ்நாட்டுக்குள் போயிருக்கும்.

"லீக்குண்டு" என்றாள் ஷம்லா.
கொழிஞ்சாம்பாறைக்காரி.
எந்திரத்தோடு பேச மலையாளம்,
என்னிடம் கடன் கேட்கத் தமிழ்.

சிரிஞ்சில் ஸ்பிரிட் எடுத்து
மூட்டு மூட்டாய் ஒரு சொட்டு.
இங்கே வலிக்குதா?
ஜன்னல் கண்ணாடியில் வலிக்கவில்லை.
மின்கம்பி நுழையும் துளையில் வலிக்கவில்லை.
அடித்தட்டில், தென்மேற்கு மூலையில்
முள் துள்ளியது.

மணிக்கண்ணாடியைத் தூக்கினோம்.
ரப்பர் வளையத்தின் குறுக்கே
ஒரு முடி.

நான் பூச வந்த தங்கம்
இருபது நானோமீட்டர்.
முடியின் பருமன் அதுபோல் மூவாயிரத்து ஐநூறு மடங்கு.
நான் அத்தனை மடங்கு வளர்ந்தால்
இங்கே தலைவைத்துப் படுத்து
வாளையாறு போகும் பாதி வழியில் கால் நீட்டலாம்.

உன்னுடையது என்றேன்.
அவளுடையது சுருட்டை.
என்னுடையது என்றாள்.
என்னுடையது முழம்.
இது விரல் நீளம்,
நுனியெல்லாம் கறுப்பு, வேரோரம் மட்டும்
அரை சென்டிமீட்டர் வெள்ளை.

இருவரும் பேசவில்லை.
போன வாரம் விருந்தாளிகள் வந்தபோது
பேராசிரியர் தானே மூடியைத் தூக்கிக் காட்டினார்.
"குழந்தை மாதிரி வச்சிருக்கோம்" என்றார், குனிந்து.

ராத்திரிதான் வேலை.
பகலில் இரும்பு உருக்கும் கம்பெனிகள்
வோல்டேஜைக் குடித்துவிடும்.
கையெழுத்துப் போட்டு வாங்கிய தங்கக் கம்பி
டங்ஸ்டன் படகில் சுருண்டு, முத்தாகி,
அப்புறம் சத்தமே இல்லாமல் குறைந்தது.

பக்கத்தில் ஒரு படிகம்
நொடிக்கு அறுபது லட்சம் முறை அதிர்கிறது.
மேலே தங்கம் படியப்படியக்
கொஞ்சம் கொஞ்சமாய்ச் சோர்கிறது.
அந்தச் சோர்வைத்தான் தடிமன் என்று
நோட்டில் எழுதுகிறேன்.

மூன்று நானோமீட்டரில் படலம் கிடையாது,
தீவுகள்.
ஆறில் தீவுகள் வீங்குகின்றன.
பத்தைத் தாண்டும்போது எங்கோ ஒரு பாலம் விழுந்து
மின்சாரம் நனையாமல் அக்கரை போகிறது.
அந்த நொடியை யாரும் பார்த்ததில்லை.
மீட்டரில் எண் மாறும், அவ்வளவுதான்.

காலையில் நுண்ணோக்கி ஊசி
மேட்டையும் பள்ளத்தையும் தடவித் தடவி
வரி வரியாய் வரைந்தது.
முந்நூற்றுப் பதினாறாவது வரியில்
திடீரென்று ஒரு மலைத்தொடர்.
என் வாழ்நாள் கண்டுபிடிப்பு என்று எழுந்தேன்.
ஷம்லா கடிகாரத்தைப் பார்த்தாள்:
"எட்டேகால் சரக்கு ரயில்."

கண்ணாடித் துண்டை ஜன்னலுக்கு நேரே பிடித்தோம்.
மேலே பார்த்தால் தங்கம்.
ஊடே பார்த்தால் பச்சை.
வெளியே மழை கழுவிய மலை.
எது யாருடைய பச்சை என்று
பிரிக்க ஒரு கருவி இருக்கிறது,
கோழிக்கோட்டில், ரிப்பேரில்.

ஒட்டிப் பிய்க்கும் சோதனையில்
ஒரு மூலைத் தங்கம் டேப்போடு வந்துவிட்டது.
வீணாக்காமல் அந்த டேப்பாலேயே
முடியைப் பதிவேட்டில் ஒட்டினாள்.
கசிவு: சரிசெய்யப்பட்டது.
காரணம் என்ற கட்டத்தில்
பேனாவை என்னிடம் நீட்டினாள்.
'இயற்கை' என்று எழுதினேன்.

திங்கட்கிழமை அவர் வந்தார்.
படிக்கவில்லை.
தங்கம் மின்னிய இடத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு
முடிக்குப் பக்கத்தில்
கையெழுத்துப் போட்டார்.