ஒன்பது கிலோ

அறுநூறு கிலோ. அதற்கு மேல்
ஒரு குண்டுமணியும் ஆகாது என்கிறது சட்டம்.
ரொட்டித் துணுக்குகளை ஒதுக்கிவிட்டு
சமையலறை மேசையில் நான்தான் கணக்குப் போட்டேன்.
மீன் கம்பெனியில் இருபத்தாறு வருடம் பேரேடு எழுதியவள்.
கல்யுவிடம் பென்சிலைக் கொடுத்தால்
ஆசையையும் வரவில் வைத்துவிடுவான்.

விமானம், வெறும் கூடு: முந்நூற்று அறுபத்தெட்டு.
இரண்டு தொட்டி நிறையப் பெட்ரோல்: எழுபத்தொன்பது.
கல்யு, சட்டையோடு: தொண்ணூற்று நான்கு.
நான்: அறுபத்தெட்டு.

ஒன்பது கிலோ கூடுதல்.
பல் துலக்கும் பிரஷ் இன்னும் ஏறவேயில்லை.
கல்யு என்றால் எங்கள் மொழியில் பாறை.
பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

அவன் ஆர்டர் படிவத்தை இழுத்து
பாராசூட் என்ற வரியை அடித்தான்.
வானத்தில் ஏதாவது ஆனால்
விமானத்தையே தொங்கவிட்டு இறக்கும் பாராசூட்.
பதினான்கு கிலோ. விலையைக் கேட்காதீர்கள்.
"தீர்ந்தது. ஐந்து மிச்சம்கூட."
அடித்த கோட்டுக்கு மேலேயே
அந்தச் சொல்லைத் திரும்ப எழுதினேன், கொட்டை எழுத்தில்.
கீழே இறங்கி, தோல் இருக்கைகளை அடித்தேன். நான்கு.
"மீதி ஐந்து உன் வயிற்றில் இருக்கிறது."

பதினெட்டு மாதம்.
படகுக் கொட்டகையில் நாற்காலி போட்டு
எதிரே ஒட்டுப்பலகையில் வட்டம் வட்டமாகக் கருவிகள் வரைந்து
கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பழகினான்:
வால்வு, பம்ப், வேகமானி, மறுபடி வால்வு.
சாப்பிட வா என்றால்
"இரு, இறங்கிக்கொண்டிருக்கிறேன்" என்பான்.

முப்பத்தொரு வருடம் படகுச் சேவையின் எஞ்சின் அறையில் இருந்தவன்.
எங்கள் சாரேமா தீவுக்கும் கரைக்கும் நடுவே
நாளுக்குப் பத்து முறை கடலைக் கடந்தான்,
கடல் மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே.
அங்கே ஜன்னல் கிடையாது.

காப்பீட்டுக்காரப் பெண் போனில் கேட்டாள்:
எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறார்?
நூற்றுப் பன்னிரண்டு என்றேன்.
அந்தப் பக்கம் விசைப்பலகை சற்று நேரம் தட்டியது.
அப்புறம் அவள் சொன்ன தொகை கையைக் கடித்தது.

பெயின்ட்டுக்கும் எடை உண்டாம்.
பக்கவாட்டில் ஆசைப்பட்ட சிவப்புப் பட்டை அறுநூறு கிராம்.
வேண்டாம் என்று எழுதிப்போட்டான்.
ரொட்டியை வெண்ணெய் இல்லாமல் தின்றான்.
வீணாக வேண்டாமே என்று வெண்ணெயை நான் தின்றேன்.

சென்ற செவ்வாய், மொராவியாவிலிருந்து
தொழிற்சாலையின் ஸ்தெங்கா எழுதியிருந்தாள்:
வாழ்த்துகள், உங்கள் விமானம் தயார்.
தராசில் ஏற்றினோம். முந்நூற்று எழுபத்தொன்று.

தோலையும் பட்டையையும் துறந்த பிறகு
முந்நூற்று எழுபத்தொன்று!
கல்யு எண்பத்தேழுக்கு வந்திருந்தான்.
நான் எழுபது.
மறுபடி மேசை, மறுபடி பென்சில்.
ஏழு கிலோ கூடுதல்.

தொட்டியை நிரப்பாவிட்டால் போதும்.
இருபது லிட்டர் குறைவாக ஊற்றினால்
நாங்களும் ஏறலாம், பையும் ஏறும்,
வழியில் போலந்தில் எங்காவது ஒரு முறை கூடுதலாக இறங்க வேண்டும், அவ்வளவுதான்.
முதல் ராத்திரியே எனக்கு இது தெரியும்.
எரிபொருளை அளந்தே காலம் தள்ளியவனுக்கும்
தெரியாமல் இருந்திருக்காது.

பழைய தாளை எடுத்துப் பார்த்தேன்.
அடித்ததும் திருத்தியதும் காபிக் கறையுமாக.
நான்காவது வரிசை மட்டும் சுத்தமாக இருந்தது.
நான்: அறுபத்தெட்டு.
அதன் பக்கத்தில் பென்சில் முனைகூடப் பட்டிருக்கவில்லை.

டிக்கெட் கொடுக்கும் பையன் கேட்டான், திரும்புவது எப்போது?
"போவதற்கு மட்டும்" என்றான் கல்யு.
பையன் எங்கள் இருவரையும் ஒரு மாதிரி பார்த்தான்.

பையில் இரண்டு ஹெட்போன், வரைபடம், அவன் உரிமம், என் கம்பளிச் சட்டை.
படகு கிளம்பியதும் மேல்தளத்துக்குப் போனோம்.
அவன் அண்ணாந்து மேகத்தின் உயரத்தைக் கணித்துக்கொண்டிருந்தான்.
சட்டென்று தலையைச் சாய்த்து, காலடியில் எதையோ கேட்டு,
"மூன்றாம் சிலிண்டர்" என்றான்.
"யாராவது கீழே போய்ச் சொல்ல வேண்டும்."

போகவில்லை.