இவனை யார் துரத்துவது

வட்டத்தை முதலில் நடுவில் வெட்டினேன்.
ஒரு பாதி முழுக்கக் காயும் கீரையும்.
மறு பாதியை இரண்டாக்கிச்
சோற்றுக்குக் கால், பருப்புக்கும் முட்டைக்கும் கால்.
மேலிடம் அனுப்பிய மாதிரியில்
காய் என்று இருந்தது புரோக்கோலி.
அதைத் தூக்கிவிட்டுப் பீர்க்கங்காய் வைத்தேன்,
நரம்பு நரம்பாய் நிழல் கொடுத்து.

ஐந்து ரோட்டில் என் ஃப்ளெக்ஸ் கடை.
காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சி மாநாடு,
எல்லா முகத்தையும் வெளுக்கவைக்கும் மவுஸ்
முதல்முறையாக ஒரு கத்திரிக்காயைக்
கறுப்பாகவே விட்டுவைத்தது.

உடற்பயிற்சிக்கு ஓடும் மனிதன்.
இலவசப் படம். ஷூ போட்டவன்.
தலைக்கு மேல் கடிகாரம்: தினமும் முப்பது நிமிடம்.
இரவு பதினொன்றுக்கு அவனைப் பாதி ஓட்டத்தில் நிறுத்திவிட்டு
இரண்டு செட் தட்டுவடை வாங்கித் தின்றேன்.
நடுவில் பீட்ரூட் துருவல் இருக்கிறதே,
காய்க்கணக்கில் வராதா?

ஆறடிச் சுருளை வண்டியில் கட்டி
இருபது கொண்டை ஊசியும் ஏறி, ஏற்காடு தாண்டி
நாகலூர் துணை சுகாதார நிலையம்.
ஆணி அடிக்க இடம் காட்டினாள் நர்ஸ் செவ்வந்தி.
சர்க்கரை பார்க்க வந்திருந்த பெண்கள்
காப்பிப் பழம் பறித்துக் கறைபிடித்த விரல்களை
ஒவ்வொருத்தியாய் நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

கந்தாயி, என் வயதுதான் இருக்கும்,
குத்துப்பட்ட விரலை வாயில் வைத்தபடி
ஓடுகிறவனைப் பார்த்தாள்.
"இவனை யாருங்க தொரத்தறது?"
"காட்டெருமையா இருக்கும்" என்றாள் இன்னொருத்தி.
நடக்கச் சொல்கிறது படம் என்றாள் செவ்வந்தி,
சிரிப்பை மென்றுகொண்டே.
"எங்களையா?"
மூட்டையோடு அவர்கள் ஏறி வரும் தடம்
சன்னலுக்கு வெளியே செங்குத்தாய் நின்றது.
மலை ஏறியது என் வண்டி.
மூச்சு வாங்கியதோ எனக்கு.

பிறகு தட்டுக்கு வந்தாள்.
சோற்றுக் காலை உள்ளங்கையால் அளந்தாள்.
"பச்சை காட்டுலயே கெடக்குது.
முட்டைதான் கடையில இருக்குது."

அதற்கு என்னிடம் படம் இல்லை.

அன்றிரவு கோப்பைத் திறந்து
ஓடுகிறவனை அழித்தேன்.
அவன் இடத்தில் ஒரு பெண்ணை உட்காரவைத்தேன்,
கால் நீட்டி, மூட்டை பக்கத்தில்.
கடிகாரம் அதேதான். முப்பது நிமிடம்.
அதிகாரியின் பதில் ஒற்றை வரி:
மலைக்கென்று தனிப் படம் கிடையாது.

மிச்சத் துண்டில் ஒன்று அடித்துச்
செவ்வந்தியிடம் கொடுத்தேன், எங்காவது மாட்டுங்கள் என்று.

மாசியில் வேறு வேலையாய்ப் போனபோது
கந்தாயி வீட்டு முன்னால் விரிந்து கிடந்தது அது.
மேலே மிளகு காய்ந்துகொண்டிருந்தது.
கீரை, பருப்பு, சோறு எல்லாம் கறுப்புக்குள்.
மிளகு பரவாத ஓரத்தில்
அந்தப் பெண்ணின் நீட்டிய கால்கள் மட்டும்
வெயில் வாங்கிக்கொண்டு.

"நல்ல கெட்டித் துணிங்க" என்றாள்.
பிறகு என் வயிற்றைப் பார்த்து:
"ஓடிட்டிருந்தானே ஒருத்தன்,
அவனை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டீங்களா?"